உண்டியலோடு நின்றுவிடக் கூடாத நன்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நவம்பர் 1 ஆம் நாள் கிராம சபைக் கூட்டமும், டிசம்பர் 7 ஆம் நாள் படைவீரர் கொடிநாளும் நெருங்கி வரும் இவ்வேளையில், திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை ஆகிய எல்லையோரப் பகுதிகளில் வாழும் தங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். படையில் பணிபுரிவோருக்கு நாம் காட்டும் நன்றி பெரும்பாலும் இரண்டு தருணங்களில் மட்டுமே வெளிப்படுகிறது: ஆண்டுக்கு ஒரு முறை கொடிநாள் உண்டியலில் பணம் போடும்போது, இல்லையென்றால் மூவண்ணக் கொடி போர்த்திய உடல் ஒன்று ஊருக்கு வந்து சேரும்போது. இவ்விரண்டையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் உயிரோடு நம் தெருவில் நடமாடும் நாட்களிலும், அவர்கள் இல்லாத வீட்டில் தாயும் மனைவியும் தனியே பொறுப்புகளைச் சுமக்கும் மாதங்களிலும், நம்முடைய நேரத்தையும் கைவேலையையும் அவர்களுக்குக் கொடுப்பதைத்தான் நான் நன்றியின் முதல் கடமையாகக் கருதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் தொடங்கும் முன்பே கொடிநாள் கொடிக்கட்டும் உண்டியலும் பள்ளிக்கு வந்துவிடும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று பட்டைகள் கொண்ட அந்தச் சிறிய தாள்கொடி தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றையும் குறிக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது. பாதுகாப்புத் துறை அமைச்சரின் கீழ் அமைந்த குழு 1949 ஆகஸ்ட் 28 அன்று எடுத்த முடிவின்படி ஆண்டுதோறும் இந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. போரில் உயிரிழந்தோர், உறுப்பிழந்தோர் குடும்பங்களின் மறுவாழ்வு, பணியிலிருப்போர் மற்றும் அவர்கள் குடும்பத்தாரின் நலன், ஓய்வு பெற்றோர் மறுபடி வாழ்க்கையில் காலூன்றுவதற்கான உதவி ஆகியவற்றுக்கே அந்த நிதி பயன்படுகிறது. இவ்வளவு நல்ல நோக்கம் கொண்ட ஒன்று, பல அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் 'இலக்கு எட்டியாயிற்றா' என்ற ஒரே கேள்விக்குள் அடங்கிப்போனது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. சட்டையில் கொடியைக் குத்திக்கொண்ட பிள்ளைக்கு அது யாருக்காக என்று தெரியாவிட்டால், அங்கே வசூல் நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் அந்த வாரத்தில் ஊரில் இருந்த ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவரைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச அழைப்பது வழக்கமாக இருந்தது. கோடையில் மாநிலத்திலேயே அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களில் ஒன்று திருத்தணி. அந்த வெயிலில் வளர்ந்த பிள்ளைகளிடம், 1984 ஏப்ரல் முதல் நம் படையினர் நிலைகொண்டிருக்கும் சியாச்சின் பனிமலையில் வெறுங்கையால் துப்பாக்கியின் இரும்பைத் தொட்டால் தோல் உரிந்து வந்துவிடும் என்று அவர் சொன்னபோது அரங்கமே அமைதியானது. தாம் சுட்டதைப் பற்றியோ வென்றதைப் பற்றியோ அவர் பேசவே மாட்டார். தண்ணீர் காய்ச்சுவதற்குப் பனியை உருக்குவது, காலுறையை உலர்த்துவது, வீட்டிலிருந்து வரும் கடிதம் பல நாள் கழித்துக் கைக்குக் கிடைப்பது, இவற்றைத்தான் சொல்வார். அடுத்த நாள் பிள்ளைகள் யாரும் கேட்காமலே காசு கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வோர் ஊராட்சியும் இதைச் செய்ய முடியும். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

எங்கள் பகுதியின் வரலாற்றிலும் இதற்கு அழுத்தமான காரணங்கள் உண்டு. பழைய வட ஆற்காட்டிலும் தருமபுரியிலும் கிடைத்திருக்கும் நடுகற்கள், ஆநிரை காக்கும் பூசலிலும் ஊர்ப் பூசலிலும் உயிர்விட்டவர்களை ஊரார் எவ்வாறு போற்றினார்கள் என்பதைக் காட்டுகின்றன. கல்லை நட்டதோடு அவர்கள் கடமை முடிந்துவிடவில்லை. இறந்தவனுடைய குடும்பத்துக்கு உதிரப்பட்டியாக, அதாவது அவன் சிந்திய குருதிக்கு ஈடான கொடையாக, நிலம் விடப்பட்ட செய்தியையும் கல்வெட்டுகள் தருகின்றன. வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டில், 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதாகவும் அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்ததாகவும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கடைவீதியில் அன்றாடம் நடக்கும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் நின்று அதைப் படிக்கிறார்கள்? அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கிவரும் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளத்தை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, அந்தத் தளத்தின் ஓடுபாதையிலிருந்துதான் பயணிகள் விமானங்கள் இயக்கப்பட்டன. நமக்கு அவர்கள் தேவைப்பட்ட நாளில் அவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

எல்லை என்பதே எங்களுக்கு நாட்டின் எல்லையை மட்டும் குறிப்பதல்ல. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. சத்தியவேட்டைச் சார்ந்த ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. ஆயினும் ஆந்திரப் பக்கத்திலுள்ள நகரிக்கும் புத்தூருக்கும் பெண் கொடுப்பதும், அங்கிருந்து எடுப்பதும் முன்போலவே தொடர்கின்றன. வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். மாமன் மகன் குண்டூர் ஆள்சேர்ப்பு அலுவலகம் வழியாகவும், அத்தை மகன் சென்னை ஆள்சேர்ப்பு அலுவலகம் வழியாகவும் படையில் சேர்வது இங்கே புதுமையன்று. இதில் பெருமைப்படவும் இடமுண்டு. ஆனால் இந்த இரட்டை வாழ்க்கை காகிதத்தில் ஏறும்போது உண்டாகும் தொல்லையை வெளியூர்க்காரர்கள் எளிதில் உணர மாட்டார்கள்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஊரில், படையிலிருந்து ஓய்வு பெற்றுப் பின் இறந்துபோன ஒருவருடைய மனைவி இருக்கிறார். கணவர் படையில் சேர்ந்தபோது ஆந்திர வழக்கப்படி வீட்டுப் பெயரை முன்னே வைத்து அவருடைய பெயரை ஆங்கிலத்தில் எழுதினார்கள். இந்த அம்மாவின் பெயரும் அதே முறையில் படை ஆவணத்தில் ஏறியது. பிற்காலத்தில் இங்கே எடுத்த ஆதார் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் தமிழ்நாட்டு வழக்கப்படி வீட்டுப் பெயருக்குப் பதில் தலைப்பெழுத்து (இனிஷியல்) மட்டும் இருக்கிறது; போதாக்குறைக்கு ஓர் எழுத்தும் மாறியிருக்கிறது. ஓய்வூதிய ஆணையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இன்னொரு பெயர் என்று மூன்றும் மூன்று விதமாக நின்றதால், குடும்ப ஓய்வூதியம் பெறுவதற்கு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. ஓர் அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். அதைக் கொண்டுபோனால் படையின் ஆவணங்களைப் பேணும் ரெக்கார்டு ஆபீசிலிருந்து கடிதம் வர வேண்டும் என்றார்கள். அந்தக் கடிதம் வந்தபோது அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தெலுங்கு மட்டுமே படிக்கத் தெரிந்த அந்த அம்மா அதை மடித்துச் சேலை முடிப்பில் வைத்துக்கொண்டு, யாராவது படித்துச் சொல்ல மாட்டார்களா என்று வீடு வீடாகப் போனார். அவருடைய கணவர் நாட்டுக்குக் கொடுத்தது அவருடைய இளமை முழுவதையும். அந்த இளமைக்கு ஈடாக வர வேண்டிய பணத்துக்காக அவர் மனைவி வாசலில் நிற்க வேண்டியிருந்தது என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடைசியில், இணையச் சேவை மையத்தில் வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி, தன் ஓய்வு நேரத்தில் அவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக வரிசைப்படுத்தி, மனுவைத் திருத்தி அனுப்பிய பிறகே வழி பிறந்தது. அந்தப் பெண் செய்ததைத்தான் நான் நன்றி என்கிறேன்.

இப்போது பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் வங்கிகளின் கையிலிருந்து 'ஸ்பர்ஷ்' என்னும் இணையவழி முறைக்கு மாற்றப்பட்டுவிட்டது. இடைத்தரகர் இல்லாமல் பணம் நேரே கணக்குக்கு வருவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று அளிக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். வயதான பலர் அந்தச் சான்றை அளிக்க வேண்டியது நவம்பர் மாதத்தில்தான். தறியிலும் வயலிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்க மறுப்பதும், முகத்தைக் காட்டிக் கைபேசியிலேயே சான்று அளிக்கும் வசதி இருப்பதை அறியாமல் எழுபதைக் கடந்தவர்கள் இரண்டு பேருந்து மாறி அலைவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. கையில் நல்ல கைபேசி வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், ஒரு மாலைப்பொழுதில் தம் தெருவில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள், அவர்களை இழந்த பெண்கள் அனைவருக்கும் இதைச் செய்து கொடுத்துவிட முடியும்.

பொதுமக்கள் தம் கைகளால் நன்றி செலுத்துவது எப்படி என்பதற்கு நம் மாநிலத்திலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியபோது, நஞ்சப்பசத்திரம் கிராம மக்கள் யார் வந்தார்கள் எவர் வந்தார்கள் என்று அறியாமலே தண்ணீர்க் குடங்களோடும் வீட்டுப் போர்வைகளோடும் நெருப்பை நோக்கி ஓடினார்கள். ராணுவம் பின்னர் அம்மக்களுக்கு நன்றி தெரிவித்து, அந்தக் கிராமத்தை ஓராண்டுக்குத் தத்தெடுத்து மருத்துவ முகாம்களை நடத்த முன்வந்தது. அந்த விபத்தில் உயிரிழந்தவர்களில் தளபதியின் பாதுகாப்பு வீரரான லான்ஸ் நாயக் சாய் தேஜாவும் ஒருவர். அவர் அன்றைய சித்தூர் மாவட்டத்தின் குரபலகோட்டைப் பகுதியைச் சேர்ந்தவர், எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்துப் பிள்ளை. அவருக்காக எல்லைக்கு இந்தப் பக்கத்திலும் வீடுகளில் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதில் எனக்கு ஐயமே இல்லை. அந்த உணர்ச்சி, இன்று காஷ்மீரிலும் அருணாசலத்திலும் பணியில் இருக்கும் நம் தெருப் பிள்ளையின் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று போய்ப் பார்க்கவும் நம்மைத் தூண்ட வேண்டும் என்பதே என் ஆசை.

ஒரு படைவீரருக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு உண்டு. அந்த நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதை அவர்களுடைய வீட்டாரைக் கேட்டால் தெரியும். பட்டா மாற்றம், நிலத்தை அளப்பது, பக்கத்து நிலத்துக்காரரின் ஆக்கிரமிப்பு, அப்பாவின் மருத்துவம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று, ஆண்டு முழுவதும் யாரும் தொடாமல் விட்ட வேலைகளெல்லாம் அவருக்காகக் காத்திருக்கின்றன. வட்டாட்சியர் அலுவலக வாசலிலேயே விடுப்பில் பாதியைக் கழித்துவிட்டு, பிள்ளைகளோடு ஒரு நாள் திருத்தணி மலைக்குக்கூடப் போகாமல் மறுபடி ரயிலேறியவர்களை நான் அறிவேன். முன்னாள் படைவீரர்களுக்கும் பணியில் இருப்போர் குடும்பங்களுக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டம் நடத்தப்படுகிறது; அதை வரவேற்கிறேன். ஆனால் பள்ளிப்பட்டிலிருந்து திருவள்ளூர் போய் வர ஒரு நாள் முழுதும் ஆகிவிடும். எனவே ஆண்டுக்கு இரு முறையாவது வட்டாட்சியர் அலுவலகத்திலேயே இக்கூட்டத்தை நடத்துமாறும், விடுப்புச் சான்றைக் காட்டும் படைவீரரின் நில அளவை மனுவை அவருடைய விடுப்பு முடியும் முன் முடித்துத் தருமாறும் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஊராரிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விடுப்பில் வந்த பிள்ளையைத் தெருவில் கண்டவுடன், மிலிட்டரி கேண்டீன் மதுப்புட்டி கொண்டுவந்தாயா என்று கேட்கும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. அவனைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது அதுதானா? அவன் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான், வீட்டுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்கும் மனிதர்கள் சிலரையாவது அவன் ஊரில் கண்டு திரும்ப வேண்டும். அதேபோல், வீரமரணம் அடைந்தவருக்கு வைக்கும் பதாகைகளில் வைத்தவர்களின் படங்கள் பெரிதாகவும் அவருடைய படம் மூலையிலும் இருப்பதை நம் இளைஞர்கள் இனி அனுமதிக்கக் கூடாது.

2022 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட, நான்கு ஆண்டுக்குப் படையில் ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் நால்வரில் ஒருவர் மட்டுமே நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார். மற்ற மூவரும் பணி முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதித் தொகையோடு, ஓய்வூதியம் இல்லாமல், இருபதுகளின் தொடக்கத்திலோ நடுவிலோ ஊர் திரும்புவார்கள். திட்டத்தின் நன்மை தீமைகளை விவாதிப்பது இக்கடிதத்தின் நோக்கமன்று. திரும்பி வரும் அந்த இளைஞர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரிலும், எல்லைக்கு அப்பால் சத்தியவேடு அருகே உள்ள ஸ்ரீசிட்டியிலும் இயங்கும் தொழிற்சாலைகள் காவலாளி வேலையை மட்டும் நீட்டாமல், பயிற்சி கொடுத்துத் தொழில்நுட்பப் பணிகளிலும் அமர்த்த வேண்டும். நாற்பது வயதை ஒட்டி ஓய்வு பெற்று வரும் படைவீரர்களுக்கும் இது பொருந்தும். சமிக்ஞைப் பிரிவில் தகவல்தொடர்புக் கருவிகளை இயக்கியவரும், பொறியாளர் பிரிவில் பாலம் கட்டியவரும் ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு மட்டுமன்றி ஊருக்கும் இழப்பு.

கிராம சபைகள் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. வருகிற நவம்பர் 1 கூட்டத்திலேயே, ஊராட்சியில் பணியில் இருக்கும் படைவீரர்கள், முன்னாள் படைவீரர்கள், அவர்களை இழந்த குடும்பங்கள் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் உதவப் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரையும் எதிரே எழுதி வைக்கலாம். குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் அந்தக் குடும்பத்துத் தாய்மார்களில் ஒருவரை மேடைக்கு அழைத்து மரியாதை செய்யலாம்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. உயிர்வாழ் சான்று அளிக்கும் முறை, பெயர்த் திருத்தத்துக்கு வேண்டிய தாள்கள், திருவள்ளூரிலும் சித்தூரிலும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் முகவரிகள், ஒரு மாநிலத்துப் பதிவை மறு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழி ஆகியவற்றை நவம்பர் முதல் வாரத்தில் மாவட்டப் பக்கத்தில் தெளிவாக வெளியிட்டு உதவ வேண்டுகிறேன். நானும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலரும் நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து இந்த மனுக்களை எழுதிக் கொடுக்க முடிவு செய்திருக்கிறோம். தமிழும் தெலுங்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், குறிப்பாகக் கைபேசியிலும் கணினியிலும் பழக்கமுள்ள இளைஞர்கள், காலை பத்து மணிக்கு வந்து எங்களோடு சேர்ந்துகொள்ளுமாறு அன்போடு அழைக்கிறேன். மனு எழுதிக்கொள்ள வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய நான்கின் மூலத்தையும் நகலையும் உடன் கொண்டுவரும்படி தங்கள் பகுதியிலுள்ள படைவீரர் குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
பள்ளிப்பட்டு வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.